தாலாட்டில் பிள்ளை இல்லை

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடியாது. போனில் கேட்டபோதே முடியாது என்றுதானே சொன்னேன்? நேரில் வந்தால் மாறிவிடுவேன் என்று யார் சொன்னது? நமச்சியா? அவன்தான் சொல்லியிருப்பான். "நேர்ல போம்மா, முதல்ல கத்துவான், அப்புறம் டீ குடுப்பான்" என்றானா இல்லையா? சிரிக்கிறீர்கள். சொல்லியிருக்கிறான்.

டீ வரும். அது வேறு. டீக்கும் சம்மதத்துக்கும் சம்பந்தமில்லை.

'ஆறிப்போன பால்'. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய டி.வி. தொடர். அதைத் தூசி தட்டி, கோடு விழுந்ததையெல்லாம் சுத்தம் செய்து, இன்டர்நெட்டில் மறுபடி போடப் போகிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். டைரக்‌ஷன் நமச்சிவாயம் என்று பெரிதாகப் போடுங்கள். இசை சற்குணராஜ் என்ற பெயர் மட்டும் வரக்கூடாது. பெயரை எடுத்தால் இசையையும் எடுக்க வேண்டும். இசையை எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது? நாலு பேர் ஒரு பங்களாவில் கதவைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அவ்வளவுதான். கேமராக்காரன் பாவம், ஒரே ஜன்னலை எத்தனை தடவை காட்டுவான்? அந்த ஜன்னலைப் பார்த்து ஊரே பயந்தது என்றால், யார் பயமுறுத்தியது? ஜன்னலா? நான்.

ஏன் முடியாது என்று கேட்டீர்கள் இல்லையா. சொல்கிறேன். சொன்னபிறகு நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்.

நான் விருதுநகர்க்காரன். எனக்கு சங்கீதம் சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை. மைக் செட் முதலாளி கை. குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறுகிற வேலை எனக்கு. ஒரு கல்யாண வீட்டில் பெண் அழைப்பு வருகிற நேரத்துக்கு, ரெக்கார்டு மாறிப்போய், காதலி செத்த பாட்டைப் போட்டுவிட்டேன். விட்டார் ஒரு அறை. காதில் 'கொய்' என்று ஒரு சத்தம், அது என்ன சுருதி என்று இன்றைக்கும் ஆர்மோனியப் பெட்டியில் வாசித்துக் காட்டுவேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன் அம்மா, எந்த இடத்தில் எது ஒலிக்க வேண்டும் என்பதை. அழுகிற இடத்தில் அழுகை. கொலை விழுகிற இடத்தில் கொலை. இதை எவன் மாற்றினாலும் அவனுக்கு அறைதான் சரி.

ம்... விசில். ஒரு நிமிஷம் பொறுங்கள், அது அடங்கட்டும். எந்தச் சுருதியிலும் சேராத விசில் அது. அந்தக் குக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிசையாக வருகிறேன்.

நமச்சியும் நானும் சாலிகிராமத்தில் ஒரே அறை. அவன் உதவி டைரக்டர், நான் பாட்டுக் கச்சேரிகளில் பெட்டி வாசிக்கிறவன். ஒரு சட்டையை இரண்டு பேரும் மாற்றிப் போட்டிருக்கிறோம். அந்த மைக் செட் முதலாளி விட்ட அறையை அவனிடம் நான் சொல்லாத நாள் கிடையாது. விழுந்து விழுந்து சிரிப்பான். டி.வி.யில் துப்பறியும் தொடர் எடுக்க அவனுக்கு வாய்ப்பு வந்ததும் நேரே என்னிடம்தான் வந்தான். "டேய், கொலை நான் பண்றேன். பயம் நீ பண்ணு" என்றான். அப்படித்தான் இருந்தோம்.

டி.வி. வேலை எப்படி நடந்தது தெரியுமா உங்களுக்கு? சினிமாவில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து வாசிப்பார்கள். எங்களுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. படம் எடுப்பதற்கு முன்பே ஒரே நாளில் தொடர் முழுவதற்கும் இசையை வாசித்து வைத்துவிட வேண்டும். பயத்துக்கு ஒரு துண்டு, துரத்தலுக்கு ஒரு துண்டு, பிணத்தைப் பார்த்ததும் ஒரு துண்டு, போலீஸ் ஜீப் வந்தால் ஒரு துண்டு. அப்புறம் ஆளுக்கு ஒரு துண்டு. டேப்பில் ஏற்றி எடிட்டர் கையில் கொடுத்தால் முடிந்தது. எதை எங்கே ஒட்டுகிறார்கள் என்பதை நானும் உங்களைப்போல டி.வி.யில்தான் பார்ப்பேன். நாலு வயலினை வைத்துக்கொண்டு, வாசித்ததன் மேலேயே இன்னொரு தடவை வாசிக்கவைத்து, எட்டு வயலின் மாதிரி காட்டுவேன். பேரம் பேசுவதில் என்னை ஜெயித்த ரெக்கார்டிங் தியேட்டர் முதலாளி அந்த ஏரியாவில் இல்லை.

ஆக, படத்தைப் பார்க்காமல் இசை போட வேண்டும் என்றால் எதை வைத்துப் போடுவது? கதையை வைத்து. கதையைச் சொல்கிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் வந்து பல் வலியைக் கால் வலி என்று சொன்னால் அவர் எதற்கு மருந்து கொடுப்பார்?

முதல் தொடர் 'கிணற்றடிச் செருப்பு'. அதில் மச்சான்காரன்தான் கொலைகாரன். நமச்சி முன்னாலேயே சொல்லிவிட்டான். நான் அவனுக்கு ஒரு செல்லோ போட்டேன், தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மெதுவாக மேலே ஏறி, நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது வாரம் எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மா என்னை நிறுத்தி, "சார், அந்த மச்சான்தானே கொலகாரன்? அவன் காப்பி குடிச்சாக்கூட நீங்க பயமுறுத்துறீங்களே" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! போலீஸ் பத்து வாரம் தேடப்போகிற ஆளை, என் செல்லோவைக் கேட்டே கீரைக்காரம்மா மூன்றாவது வாரத்தில் பிடித்துவிட்டாள். இதைவிட ஒரு இசைக்கு என்ன பெருமை வேண்டும்? ஓடிப்போய் நமச்சியிடம் சொன்னேன். அவன் முகம் ஏனோ கருத்துப்போனது. பொறாமை. அப்போதே எனக்குத் தோன்றியது.

இரண்டாவதுதான் உங்கள் 'ஆறிப்போன பால்'. கோத்தகிரி பங்களாவில் ஒரு பணக்காரக் கிழவர் செத்துப்போகிறார். சந்தேகப்பட வேண்டியவர்கள் டாக்டர், டிரைவர், அண்ணன் மகன். இவர்களோடு, அந்த வீட்டுக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர் ஒருத்தி. விளம்பரம் கொடுத்த சோப்புக் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. கொலைகாரன் யார் என்று போஸ்ட் கார்டில் எழுதிப் போடுங்கள், பரிசு உண்டு, தொடரில் வேலை செய்கிறவர்களும் குடும்பத்தாரும் கலந்துகொள்ளக் கூடாது. அதனால் யாரிடமும் முடிவைச் சொல்லவில்லை நமச்சி. நடிக்கிறவர்களுக்கே தெரியாது.

நடிக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு?

"நமச்சி, யாருடா?"

"எதுக்குடா உனக்கு? எல்லாருக்கும் சந்தேகம் வர்ற மாதிரி பொதுவா போட்டுடேன்."

"பொதுவாப் போட நான் என்ன பாண்டு வாத்தியமா? யாருன்னு சொல்லு. இல்லைன்னா வேற ஆளைப் பார்."

அரை நாள் சண்டை. தியேட்டரில் வயலின்காரர்கள் வில்லைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் பெட்டியை மூடி, அதன்மேல் துணியைப் போட்டுவிட்டேன். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இதோ, இந்தப் பெட்டிதான், இதே துணிதான். "டாக்டர்டா" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

"பெட்டி மேல கை வச்சுச் சொல்லு."

வைத்தான் அம்மா. எனக்குச் சோறு போட்ட பெட்டி என்று தெரியும் அவனுக்கு. காலையில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் இதை நான் திறந்ததில்லை என்று தெரியும். துணியை விலக்கி, கட்டைமேல் கையை நன்றாகப் பதித்து, "டாக்டர்தான் கொலைகாரன்" என்றான்.

வயலின்காரர்களுக்குக் கை காட்டினேன். டாக்டருக்கு என்னென்ன போட்டேன் தெரியுமா? செல்லோ, அதற்குக் கீழே ஒரு உறுமல், மேலே ஒரு வயலின் ஈர்க்குச்சி மாதிரிக் கீறிக்கொண்டு போகும். டாக்டராக நடித்தவர் பத்மநாபன், ஒரு பேங்க் ஆபீசர், ரொம்ப சாது. என் வீடு தேடி வந்து, "ஏன் சார், நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாலே பாம்பு வர்ற மாதிரி வாசிக்கிறீங்க? எங்க பேங்க்ல கவுண்டருக்கு ஆள் வர மாட்டேங்கிறாங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். "எல்லாம் முடிவுல தெரியும் சார்" என்று சொல்லி அனுப்பினேன்.

டீச்சருக்கு ஒரு தாலாட்டு கேட்டிருந்தான். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைக்கிறவள். "வார்த்தை வேணாம்டா, ஹம்மிங்கும் புல்லாங்குழலும் போதும். ரொம்ப நல்லவடா அவ" என்றான். ரொம்ப நல்லவ! கேட்டுக்கொள்ளுங்கள்.

அதை இந்த வீட்டில், இதே இடத்தில் உட்கார்ந்துதான் போட்டேன். சொல்லக்கூடாது, நானே சொல்லக்கூடாது, ஆனால் அது தானாக வந்தது. இழுத்துப் பிடித்தால் அறுந்துவிடும் போல ஒரு மெட்டு. கனகம், என் சம்சாரம், அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தத் தாலாட்டுல பிள்ளையே இல்லையேங்க."

"என்னடி உளறுற?"

"பிள்ளை இருந்தா நடுநடுவுல நிறுத்துவோம்ல, தூங்கிடுச்சான்னு பாக்க. இது நிறுத்தாமப் போகுது. தனக்குத்தானே பாடிக்கிற மாதிரி இருக்கு."

"அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாரு" என்றேன். இசை தெரிந்தவர்களிடம் பேசலாம். கரண்டியோடு வருகிறவர்களிடம் என்ன பேசுவது?

தொடர் ஓட ஆரம்பித்தது. ஊரே அதைப் பற்றித்தான் பேச்சு. ரகசியத்தை நான் காப்பாற்றினேன். நம்பிக்கையான ஆட்களிடம் மட்டும்தான் சொன்னேன். புல்லாங்குழல் பர்னபாஸிடம் சொன்னேன். இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். மேல்மாடி வீட்டு ஹெட்மாஸ்டர், மனுஷர் கேட்டுவிட்டார், சொன்னேன். பால் பூத் வரிசையில் நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள், சொன்னேன். அவ்வளவுதான். எல்லோரும் கட்டுக் கட்டாக போஸ்ட் கார்டு வாங்கி "டாக்டர்" என்று எழுதிப் போட்டார்கள். இசையமைப்பாளரே சொன்னபிறகு வேறென்ன?

கடைசி வாரம். தெருவில் பாதி ஜனம் எங்கள் வீட்டில். ஹெட்மாஸ்டருக்கு நாற்காலி. இஸ்திரிக்காரர் குடும்பத்தோடு தரையில். டாக்டரை மடக்கப் போகிறார்கள், என் செல்லோ எழும்பப் போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்ஸ்பெக்டர் டாக்டரைத் தாண்டிப் போனார். டிரைவரைத் தாண்டிப் போனார். டீச்சர் முன்னால் போய் நின்றார். படம் பழைய ராத்திரிக்குத் திரும்புகிறது. டீச்சர் அடுப்படியில் பால் ஆற்றுகிறாள். குழந்தைக்கு இல்லை. கிழவருக்கு.

அப்போது வருகிறது என் தாலாட்டு.

என் தாலாட்டு! விஷம் கலக்குகிற இடத்தில்!

நான் நிற்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை அம்மா. இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் சத்தத்திலிருந்து எங்கே ஓடுவது? எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அதே ஹம்மிங். தெரு பூராவும் ஒரு ஜனம் மூச்சு விடவில்லை. விளக்குக் கம்பத்தடியில் நான் ஒருவன்தான் நிற்கிறேன், முழுத் தெருவும் சேர்ந்து என்னைத் தாலாட்டுகிறது. அப்புறம் எங்கோ ஒரு பெண் 'ஐயோ' என்று அலறினாள். ஒவ்வொரு வீடாக அலறியது.

எல்லாரும் நடுங்கிப் போனார்கள், ஆமாம். என்ன பிரயோஜனம்? மறுநாள் இஸ்திரிக்காரர் துணியை மடித்துக்கொண்டே, "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல சார். எதுக்கு ஏமாத்தினீங்க?" என்றார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தால் படியேறிவிடுவார். வாழ்க்கையில் எவனையும் ஏமாற்றாதவன் நான். என்னை ஒருவன் ஏமாற்றி, அந்தப் பொய்யை என் வாயாலேயே ஊருக்குச் சொல்லவைத்தான்.

எடிட்டிங் ரூமுக்குப் போனேன். நமச்சி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பெட்டி மேல கை வச்சியேடா."

"வச்சேன்."

"பொய்யாடா சொன்ன?"

"பொய்தான். டீச்சர்னு சொல்லியிருந்தா நீ என்ன போட்டிருப்ப?"

"செல்லோ போட்டிருப்பேன். பின்ன, கொலைகாரிக்கு நாதஸ்வரமா போடுவாங்க?"

"அதுக்குத்தான்டா சொல்லல" என்றான்.

அறைந்தேன். ஒன்றே ஒன்று. டீ அவன் சட்டையில் கொட்டியது. கன்னத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான். "என்னடா, ரெக்கார்டு மாத்திப் போட்டதுக்கா?" என்றான். சிரித்தானா, அழுதானா, தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இதோடு விட்டதா? ஒரு வாரம் கழித்து ஒரு சினிமாத் தயாரிப்பாளர் கார் அனுப்பினார். எனக்கு அம்மா, எனக்கு! மரத்தில் ஸ்பீக்கர் கட்டினவனுக்கு ஏ.சி. கார். போனதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "யோவ், கொலைக்குத் தாலாட்டு வச்சியேய்யா! எங்க வீட்டுல ஒரு வாரமா யாரும் பால் குடிக்கல. அந்தத் தைரியம் வேணும் எனக்கு."

நான் நேர்மையாகப் பேசுகிறவன். "அதை நான் வைக்கலைங்க" என்றேன்.

"பின்ன யாரு வச்சது?"

"டைரக்டர். என்னை ஏமாத்தி வாங்கி, எனக்குத் தெரியாம ஒட்டிட்டான். விட்டிருந்தா நான் அங்கே செல்லோ போட்டிருப்பேன்."

அவர் கை கொஞ்சம் தளர்ந்தது. "அப்படியா. அந்த டைரக்டர் பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். நமச்சிக்குப் படம் கிடைத்தது.

பார்த்தீர்களா? என் தாலாட்டைப் படியாகப் போட்டு அவன் மேலே ஏறினான். கனகம் சொல்கிறாள், "நீங்கதானே பேரைச் சொன்னீங்க?" என்று. கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? இதில் அவன் என் வீட்டு வாசலில் வந்து வேறு நின்றான். "சற்குணம், படத்துக்கு நீதான்டா. நீ இல்லாம எனக்கு வராது." நான் கதவைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனான். படம் ஓடவில்லை. இசை சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறுபடியும் விசில். ஆமாம், குக்கர். அதையும் கேளுங்கள். தொடர் முடிந்து கொஞ்ச நாளில் கனகத்தின் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பிரஷர் குக்கர். மேலே சோப்புக் கம்பெனி பெயர். அவன் பெயரில் போஸ்ட் கார்டு போட்டு, "டீச்சர்" என்று எழுதியது யார்? இதோ, உள்ளே நிற்கிறாளே, இவள்! என் வீட்டுக்குள்ளேயே! "எப்படிடி தெரியும்?" என்று கேட்டால், "உங்க பாட்டுலயே இருந்துச்சே, அன்னிக்கே சொன்னேனே" என்கிறாள். ஊரெல்லாம் என் வார்த்தையை நம்பி ஏமாந்தது, இவள் என் இசையை நம்பிக் குக்கர் வாங்கினாள். துரோகம் என்றால் எத்தனை வகை பாருங்கள். இத்தனை வருஷமாக அந்தச் சோற்றைத்தான் தின்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், முடியாது. அந்தப் பெட்டியை... என்ன பெட்டி அது, டேப்லெட்டா, மூடுங்கள். காட்ட வேண்டாம். நான் பார்க்க மாட்டேன்.

சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் சுத்தம் செய்யும்போது, சத்தத்தை மட்டும் தனியாகக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? முடியும் என்கிறீர்கள். இல்லை, எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மடையன் தாலாட்டைச் சீக்கிரம் ஆரம்பித்துவிடுகிறான். அவள் ஸ்பூனால் கலக்கும்போதே ஆரம்பிக்கிறான். தப்பு. கலக்கும்போது ஸ்பூன் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும். அப்புறம் டம்ளரைக் கிழவர் பக்கத்தில் வைக்கிறாள் பாருங்கள், வளையல் மேஜையில் லேசாகப் படுகிறதே, அங்கே வர வேண்டும் புல்லாங்குழல். ஹம்மிங் அதற்கும் அப்புறம். கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார் இல்லையா, அந்தச் சிரிப்பில்...

என்ன சிரிக்கிறீர்கள்?

பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். கனகம், நீ ஏன் உள்ளே இருந்துகொண்டு சிரிக்கிறாய்? "கேசட் தேஞ்சு படம் அழியிற வரைக்கும் பாத்தாரும்மா"வா? வாயை மூடு. விருந்தாளி முன்னால் பேசுகிற பேச்சா இது? டீயைக் கொண்டு வா.

குடியுங்கள். சரி, பேரம் என்று வந்தால் பேசித்தான் ஆக வேண்டும். நான் மூன்று நிபந்தனை வைத்திருந்தேன். இரண்டை விட்டுக்கொடுக்கிறேன். பெயர் போடுவதென்றால் போடுங்கள், சின்னதாகவே போடுங்கள். டாக்டர் பத்மநாபன் இருந்தால் அவருக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், அதையும் விடுங்கள். மூன்றாவதில் அணுவளவுகூட இறங்க மாட்டேன்.

நமச்சி இங்கே வர வேண்டும். முழங்கால் வலி என்பான், மாடிப்படி ஏற முடியாது என்பான். ஏறட்டும். மன்னிப்பு கேட்கக் கூடாது. கேட்டால் வெளியே தள்ளுவேன். வந்து இந்தத் துணியை விலக்கி, பெட்டிமேல் கையை வைத்து, என் முகத்தைப் பார்த்து, கொலைகாரன் யார் என்று சொல்ல வேண்டும். உண்மையை. இசை போடுகிறவனுக்குக் கதை சொல்கிற மாதிரி. அவ்வளவுதான்.

அவன் சொன்னதும் நான், "அப்படியா, டீச்சரா?" என்று கேட்பேன்.

கேட்டுவிட்டு, அந்தப் புல்லாங்குழலை எங்கே ஆரம்பிப்பது என்று பெட்டியைத் திறப்பேன். போனைப் போடுங்கள். நான் பேச மாட்டேன், நீங்கள் பேசுங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.